மூணாவது நம்பரும் ஒரு சின்ன பேட்டரியும்

1/
ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. நீளமான இழை. இதுல கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் வரும், கொஞ்சம் இதயம் வரும், நான் பண்ண ஒரு தப்பும் வரும். கடைசி வரைக்கும் படிங்க. கடைசியில் ஒரு சின்ன வேலை இருக்கு, அதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

2/
அப்பா ரேடியோ மெக்கானிக். தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பத்துக்கு எட்டு கடை. வால்வு ரேடியோவுல ஆரம்பிச்சு, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், கலர் டிவி, டிவிடி பிளேயர்னு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தவர். நான் டாக்டருக்குப் படிச்சது அந்தக் கடையோட சால்டரிங் புகையில்தான்.

3/
2012 ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல கரண்ட் எப்போ வரும், எப்போ போகும்னு யாருக்கும் தெரியாத காலம். அப்போ நான் எம்பிபிஎஸ் படிச்சுக்கிட்டிருந்தேன். லீவுக்கு வந்தா ராத்திரி படிக்க வெளிச்சம் இருக்காது. இன்வெர்ட்டர் வாங்க வசதி இல்ல.

அப்பா ஒருநாள் செத்துப்போன சிஎஃப்எல் பல்பை உடைச்சு, உள்ளே இருந்து மோதிரம் மாதிரி ஒரு குட்டி ஃபெரைட் வளையத்தை எடுத்தார்.

4/
அதுல ரெண்டு மெல்லிய கம்பியைச் சேர்த்துப் பிடிச்சு இருபது சுத்து சுத்தினார். ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர். ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒரு வெள்ளை எல்இடி. அவ்வளவுதான். பேட்டரி? சுவர்க்கடிகாரம் ஓடாம நின்னுபோய் கழட்டிப் போட்ட பென்சில் செல். மல்டிமீட்டர் வச்சுக் காட்டினார், 1.1 வோல்ட்.

"வெள்ளை எல்இடி எரிய கிட்டத்தட்ட 3 வோல்ட் வேணும்பா. இது செத்த செல்லாச்சே"ன்னேன்.

"எரியுதா இல்லையா பாரு"ன்னார். எரிஞ்சுது. விடிய விடிய எரிஞ்சுது.

5/
எப்படின்னு அன்னிக்கு அப்பா சொன்னதை அப்படியே சொல்றேன், பின்னாடி இது தேவைப்படும்.

டிரான்சிஸ்டர் ஒரு கதவு. கதவு லேசா திறந்தா ஒரு சுத்துல கரண்ட் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கரண்ட் ஏறும்போது பக்கத்து சுத்துல ஒரு வோல்டேஜ் பிறந்து, கதவை இன்னும் நல்லாத் தள்ளித் திறக்கும். ஒரு கட்டத்துல வளையம் காந்த சக்தியால நிரம்பிடும், அதுக்கு மேல தாங்காது. அந்த நொடி தள்ளுறதுக்கு ஆள் இல்லாம கதவு படார்னு சாத்திக்கும்.

6/
கதவு சாத்தினதும் வளையத்துல சேர்ந்திருந்த சக்தி போக வழி தேடும். 1.1 வோல்ட்ல உள்ளே போனது 3 வோல்ட்டுக்கு மேல எகிறி எல்இடி வழியா வெளியே வரும். வளையம் காலியாகும். கதவு மறுபடி திறக்கும். இது ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும், அதனால நம்ம கண்ணுக்குத் தொடர்ந்து எரியற மாதிரி தெரியும்.

இதுக்குப் பேரு பிளாக்கிங் ஆஸிலேட்டர். நிரம்பும், கவிழும், மறுபடி நிரம்பும். தீம் பார்க்ல தலைக்கு மேல ஒரு பெரிய வாளி தண்ணி நிரம்பி தானா கவிழுமே, அதேதான்.

7/
இப்போ 2019-க்கு வருவோம். நான் எம்டி முடிச்சு வேற ஊர்ல வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 66 வயசு, பிபி உண்டு. நான்தான் ஒரு பிபி மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானா மெஷினோட ஸ்கிரீனை போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்புவார்.

நடுநடுவுல போன்ல சொல்வார்: "எந்திரிச்சா கண்ணை இருட்டிக்கிட்டு வருதுப்பா."

நான்: "வெயில் காலம், தண்ணி நிறைய குடிங்க. மெதுவா எந்திரிங்க."

8/
ஒரு போட்டோவுல 168/72. அடுத்த வாரம் 172/68. மேல் நம்பர் ஏறுதேன்னு போன்லயே மாத்திரையை 5-லிருந்து 10 மில்லிகிராமா ஏத்தினேன். டாக்டர் பிள்ளை இல்லையா!

அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கடையில ஒரு ரிமோட்டைச் சரிபண்ணிக்கிட்டிருந்தப்போ அப்பா அப்படியே சாய்ஞ்சுட்டார். கையிலிருந்த சால்டரிங் அயர்ன் முழங்கையில பட்டு, அந்தச் சூடு கூடத் தெரியாம கிடந்திருக்கார். பக்கத்து செல்போன் கடைப் பையன்தான் தூக்கி ஆட்டோவுல போட்டான்.

9/
நான் போய்ச் சேரும்போது ஈசிஜி எடுத்து வச்சிருந்தாங்க. முழு ஹார்ட் பிளாக். நாடி நிமிஷத்துக்கு 32.

ராத்திரி ஐசியூ வாசல்ல உட்கார்ந்து போனைத் திறந்து பழைய போட்டோக்களைப் பார்த்தேன். பிபி மெஷின்ல மூணு நம்பர் வரும். மேல ரெண்டும் பிபி. கீழே சின்னதா ஒரு இதயப் படம் போட்டு மூணாவது நம்பர், அது நாடித்துடிப்பு.

முதல் போட்டோ: 38. அடுத்தது: 36.

மேல இருந்த ரெண்டு நம்பரை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

10/
இதயம் மெதுவா அடிச்சா ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நிறைய ரத்தம் சேரும். அதனால ஒவ்வொரு அடியும் பெரிய அடியா இருக்கும், மேல் பிபி ஏறும். அதாவது, அந்த பிபி ஏற்றமே மூணாவது நம்பரோட விளைவா இருந்திருக்கு. இதை நான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். அப்பாவோட போட்டோவுல எனக்குத் தெரியல.

இதை எழுதக் கை கூசுது. ஆனாலும் எழுதணும்.

11/
ஹார்ட் பிளாக்னா பலபேர் ரத்தக்குழாய் அடைப்புன்னு நினைப்பாங்க. அது வேற, இது வேற. இது கரண்ட் பிரச்சினை.

இதயத்தோட வலது மேல் அறையில சைனஸ் நோடுன்னு ஒரு சின்னத் திசு இருக்கு. 1907-ல் கீத், ஃபிளாக்னு ரெண்டு பிரிட்டிஷ்காரங்க கண்டுபிடிச்சாங்க. அந்தச் செல்லுக்குள்ள வோல்டேஜ் சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறும். மைனஸ் 40 பக்கம் வந்ததும் வாளி கவிழும், ஒரு துடிப்பு கிளம்பும். மறுபடி கீழே இறங்கி மறுபடி ஏறும்.

12/
அதாவது அதுவும் ஒரு ஆஸிலேட்டர். இது நான் சும்மா சொல்ற உவமை இல்லீங்க. 1928-லேயே வான் டெர் பொல், வான் டெர் மார்க்னு ரெண்டு டச்சு ஆய்வாளர்கள், இதயத் துடிப்பு இந்த 'நிரம்பிக் கவிழும்' வகை ஆஸிலேட்டர்தான்னு கட்டுரை எழுதி, நியான் விளக்குகளை வச்சு இதயத்துக்கு ஒரு மின்சார மாதிரியே செஞ்சு காட்டினாங்க. ரெண்டுபேரும் ரேடியோ ஆராய்ச்சிக்காரங்க!

13/
சைனஸ் நோடு கிளப்புற சிக்னல் நடுவுல இருக்கிற ஏவி நோடு வழியா கீழ் அறைகளுக்கு வரணும். வயசாக ஆக அந்தப் பாதை சிலருக்கு நாராக இறுகிப்போகும். மேலிருந்து சிக்னல் கிளம்பும், கீழே வந்து சேராது. அதுதான் முழு ஹார்ட் பிளாக்.

அப்போ உசிர் எப்படி இருக்கு? கீழ் அறையிலயே ஒரு ஸ்பேர் ஆஸிலேட்டர் உண்டு. அதோட வேகம் நிமிஷத்துக்கு 20-லிருந்து 40. அப்பாவை அந்த 32 தான் தாங்கிக்கிட்டிருந்தது. ஆனா அதை நம்ப முடியாது. எப்போ வேணும்னாலும் சில நொடி நின்னுடும். நின்னா மயக்கம். ரொம்ப நேரம் நின்னா மரணம்.

14/
அன்னிக்கு ராத்திரியே தற்காலிக பேஸ்மேக்கர் வச்சாங்க. ரத்தக்குழாய் வழியா ஒரு கம்பியை இதயத்துக்குள்ள விட்டு, வெளியே கட்டில் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதுல ஒரு விளக்கு மின்னும்.

காலையில உள்ளே போனேன். அப்பா தெளிவா இருந்தார். ஆனா கண்ணு சிவந்திருந்தது. தூங்கவே இல்லை.

"டேய் தம்பி, இதுக்குள்ள என்ன பேட்டரி?"

"9 வோல்ட் பேட்டரிப்பா."

"நம்ம மல்டிமீட்டர்ல போடுற சதுர பேட்டரியா?"

"ஆமா."

"அதான் நெனச்சேன். அதை நம்பியாடா என்னைப் படுக்க வச்சிருக்கே?"

15/
ராத்திரி பூரா அந்த விளக்கைப் பார்த்து எண்ணிக்கிட்டே இருந்திருக்கார். நாற்பது வருஷம் 9 வோல்ட் பேட்டரியோட பழகினவர். அது எப்படிச் சாகும்னு அவருக்குத் தெரியும்.

நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொன்னதும் முடியாதுன்னுட்டார். செலவு காரணம் இல்லை. "சாகாத சர்க்யூட்டை நான் பார்த்ததில்ல. சரி பண்ணணும்னா நெஞ்சைப் பிரிக்கணும். வேணாம், விடு" என்றார்.

நோயாளி மறுத்தா பேசிப் புரியவைக்கிறது என் தொழில். ஆனா இவர்கிட்ட டாக்டர் பாஷை எடுபடாது. அதனால கதை சொன்னேன்.

16/
1957, அமெரிக்காவோட மினியாபொலிஸ் நகரம். வால்டன் லில்லெஹைன்னு ஒரு இதய அறுவை நிபுணர். அறுவைக்கு அப்புறம் சில குழந்தைகளுக்கு ஹார்ட் பிளாக் வரும். அவங்களுக்கு ஒரு பேஸ்மேக்கர் இருந்தது, ஆனா அது சுவர் பிளக்குல ஓடுற பெரிய பெட்டி. ஒயர் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்தான் குழந்தை நடக்கலாம்.

அக்டோபர் 31 அன்னிக்கு ஊரே மின்வெட்டுல இருண்டு போச்சு.

அப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மின்வெட்டுன்னா என்னன்னு அவருக்குச் சொல்லித் தரணுமா?

17/
அந்த மின்வெட்டுல ஒரு குழந்தை இறந்ததா எர்ல் பேக்கன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கார். பேக்கன் யாரு? அந்த மருத்துவமனைக்குக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்துக்கிட்டிருந்தவர். 1949-ல் ஒரு கராஜ்ல கடை போட்டவர்.

"மெக்கானிக்கா?" என்றார் அப்பா.

"மெக்கானிக்தான்."

பேட்டரியில ஓடுற மாதிரி ஏதாவது செஞ்சு கொடுன்னு லில்லெஹை கேட்டார். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில பார்த்த ஒரு சர்க்யூட் பேக்கனுக்கு ஞாபகம் வந்தது. பாட்டுக்காரங்க தாளத்துக்கு வச்சுக்கிற டிக் டிக் மெட்ரோனோம். ரெண்டு டிரான்சிஸ்டர்தான்.

18/
அதுல ஸ்பீக்கரைக் கழட்டி எறிஞ்சுட்டு, அந்த இடத்துல இதயத்துக்குப் போற ஒயரை மாட்டினார். சின்ன மெர்க்குரி பேட்டரி, உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி. நாலே வாரம். முதல்ல ஒரு நாய்க்கு வச்சுப் பார்த்தாங்க. மறுநாள் பேக்கன் ஆஸ்பத்திரிக்குப் போனா, அது ஒரு குழந்தையோட உடம்புல மாட்டியிருந்தது! இன்னும் நல்லா செஞ்சு தரலாம்னு அவர் நினைச்சிருந்தார். லில்லெஹைக்குக் காத்திருக்க மனசில்லை.

"ஸ்பீக்கருக்குப் பதிலா இதயம். லோடு மாத்தியிருக்கான், அவ்வளவுதான்" என்றார் அப்பா.

அந்த ஒரு வரியில எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

19/
அடுத்தது வில்சன் கிரேட்பேட்ச், நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரத்து இன்ஜினியர். இதய ஒலியைப் பதிவு பண்ண ஒரு ஆஸிலேட்டர் செஞ்சுக்கிட்டிருந்தார். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டிய இடத்துல, டப்பாவுல கைவிட்டு எடுத்தது 1 மெகா ஓம். நூறு மடங்கு அதிகம்.

"பிரவுன், பிளாக், ஆரஞ்சு எடுக்குறதுக்கு பிரவுன், பிளாக், பச்சை எடுத்திருக்கான்"ன்னு அப்பா சிரிச்சார். மயங்கி விழுந்ததுக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

20/
ரெசிஸ்டர் பெருசானா வாளி நிரம்ப நேரமாகும். அந்த சர்க்யூட் 1.8 மில்லிசெகண்ட் ஒரு அடி அடிச்சுது, பிறகு ஒரு செகண்ட் சும்மா இருந்தது. மறுபடி ஒரு அடி, மறுபடி ஒரு செகண்ட் சும்மா. இதயத்தோட தாளம்!

"அப்பா, அது என்ன சர்க்யூட் தெரியுமா? பிளாக்கிங் ஆஸிலேட்டர். 2012-ல எனக்குப் படிக்க நீங்க செஞ்சு கொடுத்த விளக்கு இருக்கே, அதோட அண்ணன்."

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

21/
1958 மே 7 அன்னிக்கு ஒரு நாயோட இதயத்துல அது வேலை செஞ்சுது. கிரேட்பேட்ச் வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகையில உட்கார்ந்து கையாலேயே பேஸ்மேக்கர்கள் செஞ்சார். 1960-ல் மனிதர்களுக்கு வச்சாங்க.

அதுக்குள்ள சுவீடன் முந்திக்கிட்டது. 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம் பக்கம். ரூனே எல்ம்க்விஸ்ட் சர்க்யூட் செய்ய, சென்னிங் என்ற சர்ஜன் உடம்புக்குள்ளேயே வச்சார். எபாக்ஸி பிசினை ஷூ பாலிஷ் டப்பாவுல ஊத்தி வார்த்தெடுத்த கருவி அது. நோயாளி ஆர்னே லார்சன், வயது 43. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை மயங்கி விழுந்தவர்.

22/
"எத்தனை நாள் ஓடுச்சு?" அப்பா நேரா விஷயத்துக்கு வந்தார்.

மறைக்கல. "முதல் கருவி சில மணி நேரம்தான்."

"பாத்தியா!"

"ஆனா லார்சன் 2001 வரைக்கும் இருந்தார்ப்பா. 86 வயசு. மொத்தம் இருபதுக்கும் மேல பேஸ்மேக்கர் மாத்தியிருக்காங்க. அதைச் செஞ்ச இன்ஜினியரும், வச்ச சர்ஜனும் இவருக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. இவர் இறந்ததும் இதயத்தால இல்ல, புற்றுநோயால."

23/
அப்பா விடல. "சரி, பேட்டரிக் கணக்கு சொல்லு."

ஐசியூ சார்ட்டோட பின்பக்கத்துல எழுதிக் காட்டினேன். உங்களுக்கும் சொல்றேன்.

ஒரு துடிப்புக்கு சுமார் 2.5 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட். இதயத் தசையோட ரெசிஸ்டன்ஸ் 500 ஓம்னு வச்சுக்கிட்டா 5 மில்லி ஆம்ப் ஓடும். ஆனா அந்த 0.4 மில்லிசெகண்ட் மட்டும்தான் ஓடும். செகண்டுக்கு ஒரு துடிப்புன்னா சராசரி வெறும் 2 மைக்ரோ ஆம்ப். சர்க்யூட்டோட சொந்தச் செலவையும் சேர்த்து 10 மைக்ரோ ஆம்ப்னு வைப்போம்.

24/
பேட்டரி சுமார் 1 ஆம்பியர் மணி. அதை 10 மைக்ரோ ஆம்பால வகுத்தா ஒரு லட்சம் மணி நேரம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதாவது 11 வருஷத்துக்கு மேல.

அதே பேட்டரியில 20 மில்லி ஆம்ப் இழுக்கிற ஒரு எல்இடியை விடாம எரிச்சா 50 மணி நேரம், ரெண்டு நாள்.

அப்பா பேனாவை வாங்கித் தானே ஒருதடவை வகுத்துப் பார்த்தார். சரியா வந்தது. "ம்ம்... வேலை செய்ற நேரத்தை விட சும்மா இருக்குற நேரம் ஜாஸ்தி. அதான் தாங்குது" என்றார்.

உண்மையிலேயே இந்த டிசைனோட ரகசியம் அதுதான். சின்ன பேட்டரியில நீண்ட நாள் ஓடணும்னா, சர்க்யூட் தேவைப்படுற நொடியில மட்டும் முழிச்சு, வேலையை முடிச்சு, உடனே தூங்கணும். இன்னிக்கு இருக்கிற பேஸ்மேக்கர் இதயத்தையும் கவனிக்கும். இதயம் தானா அடிச்சா, அந்தத் துடிப்பை அது விட்டுக்கொடுத்துடும்.

25/
இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "தீரும்போது எப்படித் தீரும்?"

இது நல்ல மெக்கானிக் கேட்கிற கேள்வி. ஆரம்பகால மெர்க்குரி பேட்டரிகள் கடைசி வரைக்கும் வோல்டேஜை அப்படியே பிடிச்சிருந்துட்டு, திடீர்னு விழுந்துடும். எப்போன்னு தெரியாது. அதுபோக வாயு விடும், அதனால பெட்டியைக் காத்துப் புகாம மூட முடியாது. எபாக்ஸி வழியா உடம்போட ஈரம் உள்ளே போகும். ரெண்டு வருஷம் ஓடினாலே பெருசு.

26/
1972-ல் இத்தாலியில் முதல்தடவையா லித்தியம் அயோடின் பேட்டரி வச்ச பேஸ்மேக்கரை ஒரு நோயாளிக்குப் பொருத்தினாங்க. இதைக் கொண்டுவர முன்னாடி நின்னு உழைச்சவர் அதே கிரேட்பேட்ச். இது வாயு விடாது. டைட்டானியப் பெட்டிக்குள்ள வெல்டு வச்சு மூடிடலாம். வோல்டேஜ் 2.8-ல் ஆரம்பிச்சு, தீரத் தீர உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறி, மெதுவா இறங்கும். வெளியிலிருந்தே அதை அளக்கலாம். மாத்தணும்னு அடையாளம் காட்டின பிறகும் சுமார் மூணு மாசம் ஓடும்.

"அதாவது சொல்லிட்டுத்தான் போகும்" என்றார் அப்பா.

"ஆமாப்பா. சொல்லிட்டுத்தான் போகும்."

27/
அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுது. அப்பாவோட இதயமும் சொல்லிட்டுத்தானே இருந்தது? 38-ன்னு சொல்லுச்சு. 36-ன்னு சொல்லுச்சு. எழுத்துல, போட்டோவோட, வாட்ஸப்புல சொல்லுச்சு.

அங்கேயே சொல்லிட்டேன். "அப்பா, நீங்க அனுப்பின போட்டோவுலயே இருந்துச்சு. நான்தான் பார்க்கல. போதாக்குறைக்கு மாத்திரையை வேற ஏத்திவிட்டேன்."

28/
அப்பா என்னையே பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன்.

"நானும் பார்த்தேன்டா. நம்பர் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மோட்டார் மெதுவா ஓடுனா சூடாகாது, ரொம்ப நாள் உழைக்கும், நல்லதுதானேன்னு விட்டுட்டேன். ரெண்டுபேருமே மீட்டரைத் தப்பாப் படிச்சிருக்கோம்."

கொஞ்சம் பொறுத்து, "கடைசியா ஒண்ணு. உசிர் போற நேரம் வந்தா இது போக விடுமா, இல்ல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கெடக்குமா?" என்றார்.

29/
இந்தக் கேள்வியைப் பல பெரியவங்க என்கிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டிருக்காங்க. அதனால எல்லாருக்கும் சேர்த்துப் பதில்.

பேஸ்மேக்கர் ஒரு பொறியைத்தான் கொடுக்கும். அதைக் கேட்டு சுருங்க வேண்டியது தசை. உடம்பு வேற நோயால ஓய்ஞ்சுபோனா தசை அந்தப் பொறிக்குப் பதில் சொல்லாது. பெட்டி பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருக்கும், இதயம் அமைதியாயிடும். யாரையும் இழுத்துப் பிடிச்சு வைக்கிற சக்தி அதுக்கு இல்லை.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுட்டா ஆம்ப்ளிஃபயர் என்ன பண்ணும்? சரி, வை" என்றார் அப்பா.

30/
ரெண்டாம் நாள் வச்சாங்க. மயக்க மருந்து இல்லை, தோலுக்கு மரத்துப்போற ஊசி மட்டும். காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கீறல். சுமார் ஒரு மணி நேர வேலை. முப்பது கிராம் கூட இல்லாத பெட்டி. நாலாம் நாள் வீடு.

ஒரு மாசத்துல கடையைத் திறந்துட்டார். சாதாரண சால்டரிங் அயர்ன் பிரச்சினை இல்லை, நெஞ்சோட ஒட்டிப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்பீக்கர் காந்தத்தையும் போனையும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கணும். சட்டைப் பையில போன் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்புன்னா ரெண்டடி தள்ளி நிக்கணும். பெரிய வெல்டிங் மெஷின் பக்கமே போகக் கூடாது.

31/
ரெண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒண்ணு, பேட்டரி தீர்ந்தா பேட்டரியை மட்டும் மாத்த முடியாது, மூடின பெட்டி ஆச்சே. பெட்டியை மாத்துவாங்க. இதயத்துக்குள்ள போற கம்பி நல்லா இருந்தா அதையே விட்டுடுவாங்க, அதனால ரெண்டாவது தடவை வேலை சுலபம்.

ரெண்டு, பேஸ்மேக்கர் வச்சவர் இறந்து தகனம் பண்றதா இருந்தா முன்கூட்டியே மருத்துவமனையில சொல்லி அதை எடுத்துடணும். நெருப்புல பேட்டரி வெடிக்கும். பேச சங்கடமான விஷயம்தான், ஆனா வீட்டுல ஒருத்தராவது தெரிஞ்சு வச்சிருக்கணும்.

32/
ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். நெஞ்சு மேல ஒரு கருவியை வச்சா பேட்டரி எத்தனை வோல்ட், கம்பி எத்தனை ஓம்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடும். அப்பா கடை நோட்டைக் கையோட கொண்டுபோய், அங்கிருக்கிற டெக்னீஷியன் பொண்ணுகிட்ட கேட்டுக் கேட்டு எழுதிக்குவார். "என்னம்மா, போன தடவையை விட பாயிண்ட் ஜீரோ ஒண்ணு கொறைஞ்சிருக்கு?" அந்தப் பொண்ணுக்கு இவர் வந்தாலே சிரிப்பு.

ஆறு வருஷம் ஓடியாச்சு. இன்னும் சில வருஷம் தாங்கும்னு சொல்லியிருக்காங்க.

33/
இப்போ அந்த ஒரு நிமிஷ வேலை. வீட்டுல 60 வயசைத் தாண்டினவங்க இருந்தா இன்னிக்கே செய்யுங்க.

மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் ரெண்டு விரல் வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. இல்லேன்னா பிபி மெஷின்ல மூணாவது நம்பரைப் பாருங்க.

60-லிருந்து 100 சாதாரணம். நல்லா உடற்பயிற்சி செய்றவங்களுக்கும் தூங்கும்போதும் 60-க்குக் கீழே இருக்கலாம், பயப்பட வேணாம்.

ஆனா 50-க்குக் கீழே இருந்து, கூடவே தலைசுற்றல், கண் இருட்டல், படி ஏறினா மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது இருந்தா அன்னிக்கே ஈசிஜி எடுங்க. 40-க்குக் கீழேன்னாலோ, மயங்கி விழுந்தாலோ நேரா எமர்ஜென்சி.

34/
பிபிக்கும் இதயத்துக்கும் சாப்பிடுற சில மாத்திரைகளாலயும் நாடி குறையும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க. பேஸ்மேக்கர் தேவைன்னு சொன்னா செலவை நினைச்சு ஓடிடாதீங்க, அரசு மருத்துவமனையிலயும் காப்பீட்டுத் திட்டத்துலயும் கிடைக்குமான்னு முதல்ல விசாரிங்க.

போன்ல வைத்தியம் பார்க்கிற டாக்டர் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அப்பா அம்மாவுக்கு நாம டாக்டர் இல்லை, பிள்ளைங்க. அவங்களை நேர்ல பார்க்கிற ஒரு டாக்டர் கட்டாயம் இருக்கட்டும்.

35/
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவோட போட்டோ இன்னும் வருது. பதில்ல நான் மூணாவது நம்பரைத்தான் முதல்ல டைப் பண்ணுவேன். அதைப் பார்த்துட்டுத்தான் மேல ரெண்டையும் பார்ப்பேன்.

போன வாரம் வந்தது 134/78, நாடி 64.

"64. நல்லா இருக்குப்பா"ன்னு போட்டேன்.

"மீட்டரை இப்போதான் சரியாப் படிக்கிறே"ன்னு பதில் வந்துச்சு.

எண்ணிப் பார்த்துட்டு எத்தனைன்னு கமெண்ட்ல சொல்லுங்க.